மௌன நகையும் மூல நிழற்படமும் – சேகரிப்புப் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துக் கூறுமிடத்து நகையையே முதலில் வைத்துள்ளார். உள்ளத்து நிகழ்வது உடலின்கண் புலப்பட்டுக் காண்போருக்குத் தோன்றுவதே மெய்ப்பாடு என்பது உரையாசிரியர்களின் விளக்கம். ஒலி இணைக்கப்படுவதற்கு முற்பட்ட காலத்து அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படங்களை நோக்கும்போது, இவ்விளக்கம் அவற்றுக்குப் பெரிதும் பொருந்திவருவதை அவதானிக்கலாம். சொல்லின் துணையை நாடாது, நடையாலும் விழுகையாலும் முகத்தாலும் சிரிப்பை எழுப்பிய கலை அது. அக்கலையில் உடல் அசைந்துகொண்டேயிருக்க வேண்டும். அவ்வசைவு குறித்த கணத்தில் தொடங்கிக் குறித்த கணத்தில் முடிய வேண்டும். கணம் தவறின் நகையும் தவறும்.

இத்தகைய கலையின் எச்சமாக இன்று உலகின் பல பாகங்களிலும் தேடிச் சேகரிக்கப்படுவன அசைவற்ற நிழற்படங்களாக இருத்தல் சிந்தனைக்குரியது. சார்ளி சப்ளின், பஸ்ரர் கீற்றன், ஹரல்ட் லொயிட், லோரல்–ஹார்டி இணையர் முதலியோர் நடித்த படங்களுக்கென அக்காலத்திலேயே எடுக்கப்பட்டு, அக்காலத்திலேயே அச்சிடப்பட்ட நிழற்படத் தாள்களைச் சேகரிப்போர் 'மூலப் பிரதிகள்' எனப் போற்றுகின்றனர். அதே காட்சியின் தெளிவான மறுபதிப்பு மலிவாகக் கிடைக்கும்போதும், விளிம்பு மடிந்து மஞ்சளித்த பழைய தாளுக்கே பெருவிலை கொடுக்கப்படுகின்றது. இது பழம்பொருள் மோகமா, அன்றி அத்தாளில் வேறெங்கும் கிடைக்காத ஏதேனும் உண்டா என்ற வினா எழுதல் இயல்பே. இவ்வினாவுக்கு விடை காணாது சேகரிப்போரைப் பாராட்டுவதோ பழிப்பதோ திறனாய்வாகாது.

1

முதற்கண் பரவலாக நிலவும் தவறான எண்ணமொன்றை நீக்குதல் வேண்டும். திரைப்படத் தொழிலில் 'ஸ்ரில்' என வழங்கப்படும் நிழற்படம், ஓடிய படச்சுருளிலிருந்து எடுத்துப் பெருப்பிக்கப்பட்ட சட்டகம் அன்று. 35 மில்லிமீற்றர் படச்சுருளின் ஒரு சட்டகம் தபால் முத்திரையளவினது. அதனைப் பத்திரிகைக்கு வேண்டிய அளவுக்குப் பெருப்பித்தால் உருவங்கள் மங்கும். ஆதலால் ஸ்ரூடியோக்கள் இப்பணிக்கெனத் தனியே நிழற்படக் கலைஞரை அமர்த்தின. அவர் முக்காலியின் மேல் நிறுத்திய பெரிய கமராவில், 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்ட எதிர்ப்படத்தைப் பதிவு செய்தார். அவ்வெதிர்ப்படத்தைத் தாளின்மேல் நேரடியாகப் பொருத்தி ஒளியூட்டி அச்சிட்டமையால், நடிகரின் கோட்டுத் துணியின் இழையமைப்புக்கூடத் தெளிவாகத் தெரியும். திரையரங்கில் அப்படத்தைப் பார்த்த எவரும் அவ்வளவு நுணுக்கத்தைக் கண்டிருக்க முடியாது.

பெருங்கமரா விரைந்து இயங்கக்கூடியதன்று. எனவே ஒரு காட்சி படமாக்கப்பட்டு முடிந்ததும், நடிகர்கள் அவ்விடத்திலேயே நிறுத்தப்பட்டு, சற்று முன்னர் செய்ததை மீண்டும் ஒருமுறை நிழற்படத்துக்காகச் செய்துகாட்டினர். அன்றிச் செய்வதுபோல் அசையாது நின்றனர். ஸ்ரில்லில் காணப்படுவது திரைப்படத்தின் கணம் அன்று. அக்கணத்தை நடிகர்களே திரும்ப நடித்துக் காட்டிய மற்றொரு கணம். கமராவின் கோணமும் பெரும்பாலும் வேறாயிருக்கும். படத்தில் தனித்தனிச் சட்டகங்களில் தோன்றும் இருவர், ஸ்ரில்லில் ஒருங்கு நிற்பர். படத்தொகுப்பின்போது நீக்கப்பட்ட காட்சிகளும் ஸ்ரில்லில் நிலைத்துவிடுவதுண்டு.

இவை எக்காரணத்துக்காக எடுக்கப்பட்டன என்பதும் மனங்கொள்ளத்தக்கது. திரையரங்கின் முகப்பில் மாட்டுவதற்கும், பத்திரிகைகளுக்கு இலவசமாக அனுப்புவதற்கும், விநியோகத்தருக்குக் காட்டுவதற்குமே இவை பயன்பட்டன. அதாவது, விற்பனைக்குத் துணைபோகும் பண்டமாகவே ஸ்ரில் பிறந்தது. அதனை எடுத்தவரின் பெயர் அநேகமாக எங்கும் குறிக்கப்படவில்லை. லொயிட்டின் படங்களுக்கு நிழற்படமெடுத்த ஜீன் கோர்ன்மன், ஹல் றோச் ஸ்ரூடியோவில் லோரல்–ஹார்டி இணையரைப் பதிவு செய்த ஸ்ரக்ஸ் கிறேவ்ஸ் ஆகியோரின் பெயர்களை இன்று சிலராவது அறிந்திருப்பதற்கு, தாளின் பின்புறத்தைப் படித்தறிந்த சேகரிப்பாளரின் உழைப்பும் ஒரு காரணமாகும். படம் ஊரைவிட்டு அகன்றதும் ஸ்ரில் குப்பைக்குச் சென்றது. பத்திரிகை அலுவலகங்களின் கோப்புகளில் உறங்கியவை மாத்திரம் தப்பின. எறிவதற்கென்றே ஆக்கப்பட்ட ஒன்று, எதற்கு விளம்பரமாக ஆக்கப்பட்டதோ அந்தப் படத்தைவிட நீண்ட ஆயுளைப் பெற்ற நிகழ்ச்சிகள் பல. அவற்றை நோக்குமுன், அசைவு நீங்கிய நிலையில் நகை என்னவாகின்றது என்பதை ஆராய்தல் தகும்.

2

பிரெஞ்சுத் தத்துவஞானி ஹென்றி பேர்க்சன் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட சிரிப்புப் பற்றிய நூலில், உயிருள்ள மனிதன் இயந்திரம்போல இயங்கும்போது நகை பிறக்கின்றது என வாதித்தார். மனிதன் பொருளாகத் தோன்றுதலே நகைக்குக் காரணம் எனின், மனிதனை முற்றாகப் பொருளாக்கிவிடும் நிழற்படம் திரைப்படத்தைவிடக் கூடுதலாகச் சிரிப்பூட்ட வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. வாழைப்பழத் தோலில் கால் வைத்தவன் அந்தரத்தில் நிற்கும் நிழற்படத்தைக் கண்டு எவரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை. உயிர் இயந்திரமாக மாறும் அந்த மாற்றமே நகையின் உயிர்நிலை. மாற்றத்துக்குக் காலம் வேண்டும். நிழற்படத்திலோ அக்காலம் இல்லை.

எனினும் எல்லா நடிகர்களும் அசைவின்மையால் ஒரே அளவில் இழப்படைவதில்லை. ஸ்ரில்களை வரிசையாக வைத்து நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படும். கேக்குகளை எறிந்து துரத்தி ஓடும் வகையினவான தொடக்ககாலக் குறும்படங்களின் ஸ்ரில்கள், பலர் ஒருங்கே வாயைப் பிளந்து நிற்கும் காட்சிகளாகக் குறுகிவிடுகின்றன. பஸ்ரர் கீற்றனின் ஸ்ரில்கள் அவ்வாறல்ல. அவரது முகம் திரையிலேயே சலனமற்றது. உலகமே அவரைச் சுற்றிச் சுழன்றது. 1928இல் வெளிவந்த 'ஸ்ரீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீடொன்றின் முகப்புச் சுவர் முழுவதும் அவர்மேற் சாய, திறந்த யன்னலின் வெளியினூடாக அவர் உயிர் தப்பி நிற்கிறார். அந்தச் சந்தர்ப்பத்திலும் அவர் செய்தது அசையாது நின்றமையே. ஆதலால் அவரது நகையின் ஒரு பாதி நிழற்படத்திலும் தங்கிவிடுகின்றது.

லோரல்–ஹார்டி இணையரின் நிலை இன்னும் நுண்ணியது. அவர்களது நகை விரைவை நம்பியதன்று; காத்திருத்தலை நம்பியது. ஒருவன் மற்றவனின் தொப்பியை மிதிப்பான். மிதிக்கப்பட்டவன் அதனைப் பார்த்து நிற்பான். பின்னர் ஆறுதலாகப் பதிலடி வரும். இடையில் ஹார்டி கமராவை நேராக நோக்கிப் பார்வையாளரிடம் முறையிடுவதுபோல் நிற்பார். மற்றைய நடிகர்கள் ஸ்ரில்லில் கமராவை நோக்கும்போது அது விளம்பரத்துக்கான பொய்ப்பார்வையாகிவிடுகின்றது. ஏனெனில் படத்தில் அவர்கள் பெரும்பாலும் அவ்வாறு பார்ப்பதில்லை. ஹார்டியோ திரையிலும் அவ்வாறே பார்த்தார். அவரது ஸ்ரில்கள் சேகரிப்போரிடையே தனி மதிப்புப் பெற்றமைக்கு இப்பொருத்தமும் ஒரு காரணமாதல் கூடும்.

ஹரல்ட் லொயிட்டுக்கு ஸ்ரில் வெறும் விளம்பரமாக மட்டும் அமையவில்லை. 1919 ஓகஸ்ற் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் விளம்பர நிழற்படமொன்றுக்காக நின்றார். கையிற் பிடித்திருந்த குண்டின் திரியில் சிகரெற் பற்றவைப்பதாகக் காட்சி. விளையாட்டுக் குண்டு என நம்பப்பட்ட அது வெடித்தது. வலக்கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இழந்த அவர், சில காலம் பார்வையையும் இழந்திருந்தார். அதன்பின் திரையில் தோன்றும்போதெல்லாம் குறையை மறைக்கும் கையுறையை வலக்கையில் அணிந்தார். நான்கு ஆண்டுகளின் பின் 1923இல் வெளிவந்த 'சேவ்ரி லாஸ்ற்' படத்தில், உயர்ந்த கட்டடத்தின் மணிக்கூட்டு முள்ளைப் பற்றித் தொங்கியவர் இவரே. மௌன நகைச்சுவைப் படங்கள் அனைத்திலும் மிகப் புகழ்பெற்ற காட்சி அதுவெனலாம். அப்படத்தையே பார்த்திராதவர்களும் அக்காட்சியை அறிவர், நிழற்படத்தினூடாகவே அறிவர். அம்மூலப் பிரதியைக் கையில் எடுத்து அவ்வலக்கையை நோக்குபவன், சிரிப்புக்கென நின்ற ஒரு மனிதன் நிழற்படத்துக்குக் கொடுத்த விலையையும் அங்கே காண்கின்றான். நகைக்குரிய காட்சியில் அழுகையின் சுவடும் உடனுறைவதை அசையும் படம் மறைத்துவிடுகின்றது. அசையாப் படம் உற்று நோக்க இடந்தருகின்றது.

ஆகவே ஸ்ரில் திரைப்படத்தின் சுருக்கமுமன்று, நிழலுமன்று. அதற்கெனத் தனித்த இயல்புகளும் குறைபாடுகளும் உள. இதனை ஏற்றுக்கொண்டாலன்றி, அடுத்து வரும் பிரச்சினையை விளங்கிக்கொள்ள முடியாது.

3

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக டேவிட் பியேர்ஸ் மேற்கொண்ட ஆய்வு 2013இல் வெளியாயிற்று. 1912ஆம் ஆண்டுக்கும் 1929ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்காவில் வெளிவந்த மௌன முழுநீளக் கதைப்படங்கள் 10,919 என்றும், அவற்றுள் வெளியானபோதிருந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 சதவீதமே என்றும், ஏறத்தாழ 70 சதவீதம் முற்றாக அழிந்தன என்றும் அவ்வாய்வு கூறியது. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருள், பாதுகாப்பின்மை, வெள்ளிக்காகச் சுருள்களைக் கரைத்தமை, ஒலிப்படம் வந்தபின் மௌனப்படத்துக்கு வணிகப் பெறுமதி இல்லையெனக் கருதியமை என்பன காரணங்கள். தம் படங்களைப் பேணிவைத்த லொயிட்டின் காப்பறையிற்கூட 1943இல் தீ மூண்டு, அவரது தொடக்ககாலப் படங்கள் பல எரிந்தொழிந்தன.

இவ்வழிவினிடையே ஸ்ரில் பெறும் புதிய நிலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஹல் யேற்ஸ் இயக்கி 1927இல் வெளிவந்த 'ஹற்ஸ் ஓவ்' லோரல்–ஹார்டி இணையரின் தொடக்ககாலக் குறும்படங்களுள் ஒன்று. சலவை இயந்திரத்தை விற்க முயலும் இருவர், நீண்ட படிக்கட்டு ஒன்றில் அதனை மேலே சுமந்து செல்வதும், ஈற்றில் தெருவில் நிற்போர் அனைவரும் ஒருவர் தொப்பியை ஒருவர் தட்டிவிட்டுச் சண்டையிடுவதும் கதை. இப்படத்தின் எப்பிரதியும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. ஆயினும் அதன் கருவை அவ்விணையர் 1932இல் 'த மியூசிக் பொக்ஸ்' என்ற படத்தில் மீண்டும் கையாண்டனர். சலவை இயந்திரத்துக்குப் பதிலாகப் பியானோ. 133 படிகளைக் கொண்ட அப்படிக்கட்டு லொஸ் ஏஞ்சல்ஸில் இன்றும் உண்டு. நகைச்சுவைக் குறும்படத்துக்கென அவ்வாண்டில் முதன்முறையாக வழங்கப்பட்ட ஒஸ்கார் பரிசை அப்படமே பெற்றது. இவ்வகையில் புகழ்பெற்ற ஒரு படைப்பின் முன்வடிவம் எவ்வாறிருந்தது என அறிய விரும்புவோருக்கு, எழுத்துச் சான்றுகள் தவிர எஞ்சியிருப்பவை சில ஸ்ரில்கள் மட்டுமே.

தமிழிலக்கிய வரலாற்றை அறிந்தோருக்கு இந்நிலை புதியதன்று. வளையாபதி என்ற காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட செய்யுள்கள் சிலவே எஞ்சின. அவற்றைக் கொண்டு அக்காப்பியத்தின் கதையைத் தெளிவாக அறிய இயலாது. அறிய இயலாமைக்குக் காரணம் செய்யுள்களின் தொகை குறைந்தமை மட்டுமன்று. புறத்திரட்டைத் தொகுத்தவர் நீதிக் கருத்துகளைத் தலைப்புவாரியாகத் திரட்டினார். ஆதலின் அவர் எடுத்துக்கொண்டவை நீதி கூறும் செய்யுள்கள். அவற்றை மட்டும் படிப்பவருக்கு வளையாபதி ஒரு நீதிநூல்போலத் தோன்றுதல் இயல்பு. காப்பியத்தின் காதலும் துயரும் பிரிவும் எவ்வாறிருந்தன என்பதற்குத் தொகுத்தவரின் நோக்கம் இடங்கொடுக்கவில்லை.

அழிந்த திரைப்படத்தின் ஸ்ரில்லும் இத்தகைய ஒரு மேற்கோளே. அதனைத் தெரிந்தெடுத்தவர் விளம்பரப் பகுதியினர். அவர்கள் நோக்கம் விற்பனை. பரபரப்பான காட்சியையும் நட்சத்திரத்தின் முகத்தையும் அவர்கள் விரும்பினர். அமைதியான மாற்றங்களும், காத்திருத்தலும், ஒரு செயல் மெல்ல மெல்ல அழிவாக வளர்வதும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. 'ஹற்ஸ் ஓவ்' படத்தின் ஸ்ரில்களை மட்டும் பார்ப்பவர் படிக்கட்டையும் சண்டையையும் காண்பார். இரண்டுக்கும் இடையிலான தாளத்தைக் காணார். எனவே ஸ்ரில்லைச் சான்றாகக் கொள்ளும் திரைப்பட வரலாற்றாசிரியர், அச்சான்றின் சார்பையும் கணக்கிலெடுத்தல் அவசியம். இது போதியளவு கவனிக்கப்படாதமையால் நேர்ந்த பிழைகள் பல. மௌனப்படங்களைப் பார்க்கும் வாய்ப்பு அரிதாயிருந்த 1950களில், டானியல் புளூம் 1953இல் வெளியிட்ட படத்தொகுப்பு நூல் போன்றவற்றினூடாகவே ஒரு தலைமுறை அக்கலையை அறிந்தது. அந்நூல்கள் ஆற்றிய பணி பெரிது; ஆயினும் மௌன நகை என்றாலே மிகைமுகமும் கேக்கு எறிதலும்தான் என்ற எண்ணம் வேரூன்றியதில், விளம்பர ஸ்ரில்லின் பங்கு சிறிதன்று.

ஸ்ரில் திரைப்படத்துக்கு உதவிய சந்தர்ப்பத்தையும் கூறுதல் நீதியாகும். 1927இல் வெளிவந்த 'த பற்றில் ஒவ் த செஞ்சரி' என்னும் லோரல்–ஹார்டி குறும்படம் பெருங் கேக்குச் சண்டைக்குப் பேர்போனது. றொபேட் யங்சன் 1957இல் தம் தொகுப்புப் படமொன்றிற் சேர்த்த சில நிமிடப் பகுதியினூடாகவே அச்சண்டை நெடுங்காலம் அறியப்பட்டது. அதன் இரண்டாம் சுருள் ஏறத்தாழ முழுமையாகத் தனியார் சேகரிப்பொன்றில் இருந்தமை 2015இல் தெரியவந்தது. இன்னும் கிடைக்காத சிறுபகுதியை, படத்தைச் செப்பனிட்டோர் ஸ்ரில்களையும் எழுத்தட்டைகளையும் கொண்டு நிரப்பினர். இங்கு ஸ்ரில் தன் எல்லைக்குள் நின்று பணியாற்றுகின்றது. முன்னும் பின்னும் அசையும் படம் இருப்பதால், அதன் மௌனத்தைப் பார்வையாளர் சரியாகப் பொருள்கொள்ள முடிகின்றது.

4

இனி 'மூலம்' என்ற சொல்லுக்கு வரலாம். ஜேர்மானியச் சிந்தனையாளர் வால்ற்றர் பெஞ்சமின் 1930களின் நடுப்பகுதியில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஓர் எதிர்ப்படத்திலிருந்து எத்தனை பிரதிகளையும் எடுக்கலாமாதலின் உண்மையான பிரதி எதுவெனக் கேட்பதில் பொருளில்லை என்ற கருத்தை முன்வைத்தார். சேகரிப்பாளரின் ஆர்வம் முழுவதையும் இக்கருத்து ஒரே வீச்சில் தகர்த்துவிடுவதுபோல் தோன்றும். ஆனால் அதே கட்டுரையில், நிழற்படம் பரவிய காலத்தில் படத்துக்குத் தலைப்புரை இன்றியமையாததாகிவிட்டது என்றும் அவர் கூறினார். ஸ்ரில்லைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது கருத்து முதற்கருத்தைத் திருத்துகின்றது. ஏனெனில் அக்காலத்துத் தாளின் பின்புறத்திலேயே தலைப்புரை ஒட்டப்பட்டிருக்கும்.

மூலப் பிரதியொன்றைத் திருப்பிப் பார்ப்பவருக்குப் பல செய்திகள் கிடைக்கும். தட்டச்சில் எழுதி ஒட்டப்பட்ட விளம்பரக் குறிப்பு, நிழற்படக் கலைஞரின் முத்திரை, பத்திரிகை அலுவலகம் பெற்றுக்கொண்ட திகதி, அச்சிடுவதற்காக எவ்வளவு பகுதி வெட்டப்பட வேண்டும் எனப் பத்திரிகையாசிரியர் இட்ட பென்சிற் கோடு என்பன அவற்றுட் சில. முன்புற மூலையில் எதிர்ப்படத்திலேயே எழுதப்பட்ட இலக்கங்கள் காணப்படும். அவை எந்தத் தயாரிப்பு, அதில் எத்தனையாவது ஸ்ரில் என்பவற்றைக் காட்டுவன. அழிந்த படமொன்றின் ஸ்ரில்களை ஒழுங்குபடுத்துவதற்கு இவ்விலக்கங்களைவிடச் சிறந்த துணை வேறில்லை. மறுபதிப்புகளில் முன்பக்கம் மட்டுமே பெயர்த்தெடுக்கப்படுகின்றது, பின்பக்கம் வெறுந்தாளாகிவிடுகின்றது. ஆகவே மூலப்பிரதியின் பெறுமதி அதன் அரிய தன்மையில் மட்டும் தங்கியிருப்பதாகக் கூறமுடியாது. அதன் தோற்றமும் பயணமும் பற்றிய சான்றைத் தன்னுடன் ஏந்தி நிற்பதாலேயே அது மூலமாகின்றது.

மூலத்தை மறுபதிப்பிலிருந்து பிரித்தறியச் சேகரிப்போர் கையாளும் முறைகள் ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியை நினைவூட்டுவன. அச்சிட்ட நிழற்படத்தையே மீண்டும் நிழற்படமெடுத்துப் பெறும் பிரதியில் கருமை கடுமையாகி, இருண்ட பகுதிகளின் நுணுக்கம் மறைந்துவிடும். மூலத்தில் இருந்த கீறலும் மடிப்பும் மேடு பள்ளமின்றி வெறும் படமாகவே பதிந்திருக்கும். பழைய தாளின் கரும்பகுதிகளில், சிறப்பாக விளிம்புகளில், வெள்ளி மேலெழுந்து கண்ணாடிபோல் மின்னுவதுண்டு. 1950களின் நடுப்பகுதியிலிருந்து நிழற்படத் தாள்களில் வெண்மை கூட்டும் இரசாயனங்கள் சேர்க்கப்படலாயின. அத்தகைய தாள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். 1920களுக்குரியது என விற்கப்படும் ஸ்ரில் அவ்வாறு ஒளிருமாயின் ஐயத்துக்கு இடமில்லை. ஒளிராமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது என்பதும் உடன் கூறத்தக்கது. 1970களில் பரவிய பிளாஸ்ரிக் பூச்சுத் தாளைத் தொட்டே அறியலாம்.

காலமும் இங்கு ஒரே தன்மையதன்று. சப்ளினின் 'த கோல்ட் றஷ்' 1925இல் மௌனப்படமாக வெளிவந்தது. 1942இல் அவரே குறைத்துத் திருத்தி, தம் குரலும் இசையும் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். இரு வெளியீடுகளுக்கும் ஸ்ரில்கள் அச்சிடப்பட்டன. பசியால் சப்பாத்தை அவித்துண்ணும் காட்சி இரண்டிலும் ஒன்றாகவே தோன்றலாம். சந்தையில் 1925இன் தாளுக்கே விலை கூடுதல். ஆனால் வரலாற்று நோக்கில் 1942இன் தாள் போலியன்று. உலக யுத்தக் காலத்தில் பழைய மௌன நகை புதிய தலைமுறைக்கு எவ்வாறு மீண்டும் விற்கப்பட்டது என்பதற்கு அதுவே மூலச்சான்று. சந்தை கூறும் மூலமும் ஆய்வு கூறும் மூலமும் வேறுபடும் இடம் இது.

5

இவ்வளவும் கூறியபின் சேகரிப்பாளரை மதிப்பிடுதல் கூடும். பொது நிறுவனங்களே இப்பணியைச் செய்யலாமே, தனியார் எதற்கு என்ற வாதத்தில் நியாயமுண்டு. அமெரிக்கத் திரைப்படக் கலை, விஞ்ஞானக் கழகத்தின் மார்கரெற் ஹெரிக் நூலகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட நிழற்படங்கள் பேணப்படுகின்றன. ஆனால் நிறுவனங்களும் அழிவுக்கும் முடக்கத்துக்கும் அப்பாற்பட்டவையல்ல. நியூ யோர்க் நவீன கலை அரும்பொருளகத்தின் ஸ்ரில் காப்பகம் ஏறத்தாழ 40 இலட்சம் படங்களைக் கொண்டிருந்தது. 2002 ஜனவரியில் அது மூடப்பட்டு, படங்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹம்லின் என்ற இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆய்வாளரும் எழுத்தாளரும் அன்றாடம் சென்று வந்த வாசிப்பிடம் அத்தோடு இல்லாமற் போயிற்று. பிற்காலத்தில் பத்திரிகை நிறுவனங்கள் தம் பழைய நிழற்படக் கோப்புகளைக் கழித்தபோது, அவற்றைக் காப்பாற்றியோருட் பலர் தனியார் சேகரிப்பாளரே. 'த பற்றில் ஒவ் த செஞ்சரி' படச்சுருளும் அத்தகையோர் கையிலேயே தப்பியிருந்தது.

எனினும் காப்பாற்றியவரே அழிப்பவராகவும் மாறுவதுண்டு. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்காக இலக்கமுள்ள விளிம்பை வெட்டுவோர் உளர். பின்புறத்து ஒட்டுத்தாளை அழுக்கெனக் கருதி நீரில் ஊறவைத்து உரிப்போர் உளர். ஒரே படத்தின் ஸ்ரில் தொகுதியைப் பிரித்து, நட்சத்திரம் தோன்றுவனவற்றைத் தனித்தனியே விற்று, துணைநடிகர் மட்டும் தோன்றுவனவற்றைக் கைவிடும் வணிகரும் உளர். வணிகர் கைவிடும் அத்தாள்களிலேயே மறக்கப்பட்ட நடிகர் ஒருவரின் எஞ்சிய ஒரே உருவம் இருத்தல் கூடும். சுவடியின் முதலேட்டையும் ஈற்றேட்டையும் அழகில்லையென எறிந்துவிட்டு நடுவிலுள்ளவற்றைப் பேணுபவனை எவரும் புலவன் என மாட்டார். முகத்தை மட்டும் சேகரிப்பவனும் அத்தகையோனே.

கணினி வழியாகப் படங்கள் பரவும் இக்காலத்தில் இப்பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சிலர் எண்ணுவர். உண்மையில் அது கூர்மையடைந்துள்ளது. முன்பக்கம் மட்டும் பிரதியெடுக்கப்பட்டு, விளிம்பு நீக்கப்பட்டு, சிலவேளை நிறமும் பூசப்பட்டு, எப்படத்துக்குரியது என்ற குறிப்புமின்றி எண்ணற்ற ஸ்ரில்கள் உலவுகின்றன. நடிகர்கள் கமராவுக்கென மீண்டும் நடித்த காட்சியைத் திரைப்படத்தின் காட்சியாகவே மக்கள் நம்புகின்றனர். 1920களின் விளம்பரப் பகுதியினர் விரும்பியதும் அதுவே. அவர்களின் விற்பனை உத்தி ஒரு நூற்றாண்டின் பின்னரும் வெற்றி பெற்றுக்கொண்டிருப்பதை இது காட்டுகின்றது.

ஆகவே சேகரிப்பாளரிடம் வேண்டப்படுவது பதிப்பாசிரியருக்குரிய ஒழுக்கமாகும். தாளின் இருபுறமும் வெளியிடப்பட வேண்டும். இலக்கங்கள் பட்டியலாக்கப்பட வேண்டும். திரைப்படம் கிடைக்குமிடத்து ஸ்ரில்லை அதனுடன் ஒப்புநோக்கி வேறுபாடுகள் குறிக்கப்பட வேண்டும். பூட்டிய பேழையிலுள்ள மூலம் வரலாற்றைப் பொறுத்தவரை இல்லாத மூலத்துக்கு ஒப்பானது. வளையாபதியின் எஞ்சிய செய்யுள்கள் இன்று கற்கப்படுவது, அவற்றைத் திரட்டியவர் பிறர் படிக்கும்படி எழுதிவைத்தமையாலேயே. 'ஹற்ஸ் ஓவ்' படச்சுருள் என்றேனும் ஏதோவொரு களஞ்சியத்திலிருந்து வெளிப்படுமாயின், இதுவரை பேணப்பட்ட ஸ்ரில்கள் எவ்வளவு உண்மை கூறின, எவ்வளவு மறைத்தன என்பது அன்று தெளிவாகும். வெளிப்படாவிடின், படிக்கட்டில் சலவை இயந்திரத்துடன் நிற்கும் அவ்விருவரின் சில தாள்களே அப்படத்தைப் பற்றிய காட்சிச் சான்றாக நிலைக்கும். எந்நிலையிலும் அத்தாள்கள் விளிம்போடும் பின்புறத்தோடும் முழுமையாக இருத்தல் வேண்டும்.